ஃபுட்சால்: உள்ளங்காலில் தொடங்குங்கள்

பள்ளிக்கூடத்தோடு கால்பந்தை விட்டவர்கள், கடையை மூடிவிட்டு இரவு எட்டு மணிக்கு நண்பர்களோடு டர்ஃப் எடுத்து ஆடுகிறவர்கள், காரைக்கால் திருவேட்டக்குடி என்ஐடி விடுதியில் மாலை நேரத்தில் பந்தோடு இறங்குகிறவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். கோப்பை வாங்கித் தருவது இதன் நோக்கமல்ல. எட்டு வாரத்தில், “அவரையும் கூப்பிடுடா, அவர் இருந்தா ஆட்டம் நல்லா ஓடும்” என்று மற்றவர்கள் சொல்லும் ஆளாக நீங்கள் ஆக வேண்டும்.

அதற்குப் பெரிய வேகமோ வித்தையோ வேண்டாம். மூன்று பழக்கம் வேண்டும். பந்து வந்து சேர்வதற்கு முன்பே சுற்றிப் பார்த்துவிடுவது, வந்த பந்தை உள்ளங்காலால் நிறுத்துவது, கொடுத்த பிறகு நிற்காமல் நகர்வது. நாற்பது வயதிலும் இந்த மூன்றும் வரும். இவை இல்லாத இருபது வயதுக்காரர் எவ்வளவு ஓடினாலும் தன் அணிக்குச் சுமைதான்.

விதிகள், தேவையான அளவுக்கு மட்டும்

1930-இல் உருகுவே நாட்டின் மோண்டிவிடியோ நகரில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூரைக்கு அடியில் ஆடுவதற்காக அமைத்த கால்பந்துதான் ஃபுட்சால். இந்தியாவில் வேர்விட நாளாயிற்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கிளப்புகளுக்கான முதல் ஃபுட்சால் போட்டியை 2021 நவம்பரில் டெல்லியில் நடத்தியது. இந்திய அணி தன் முதல் சர்வதேச ஆட்டங்களை ஆடியது 2023 அக்டோபரில்தான். நாட்டுக்கே புதிய ஆட்டம் என்பதால், தாமதமாகத் தொடங்கிவிட்டோமே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

1. கீப்பரையும் சேர்த்து அணிக்கு 5 பேர். ஆள் மாற்றுவதற்குக் கணக்கு இல்லை. ஆட்டம் ஓடும்போதே மாறலாம். வெளியேறுகிறவர் கோட்டைத் தாண்டிய பிறகே அடுத்தவர் உள்ளே வர வேண்டும்.
2. களத்தின் நீளம் 25 முதல் 42 மீட்டர், அகலம் 16 முதல் 25 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம்.
3. பந்து வெளியே போனால் கையால் எறிவது கிடையாது. கோட்டில் வைத்துக் காலால் உதைக்க வேண்டும் (கிக் இன்). அதற்கு 4 நொடி. எதிராளி 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.
4. தன் பாதியில் கீப்பரும் 4 நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்த பந்தை எதிராளி தொடுவதற்குள் திரும்பவும் அவரிடமே, அவர் பாதியிலேயே, கொடுக்கக் கூடாது.
5. ஆஃப்சைடு இல்லை.
6. ஒரு பாதியில் ஓர் அணியின் நேரடி ஃப்ரீ கிக் ஃபவுல்கள் 5-ஐத் தாண்டினால், ஆறாவதிலிருந்து எதிரணிக்குச் சுவர் இல்லாத உதை கிடைக்கும். 10 மீட்டரிலிருந்து நேராகக் கோலுக்கு அடிக்கலாம்.

வாடகை டர்ஃப்களில் சுற்றிலும் வலை கட்டியிருக்கும்; பந்து வெளியே போகாது. வலையில் பட்டுத் திரும்பும் பந்தை அப்படியே ஆடுவதா, கிக் இன் வைப்பதா என்பதை முதல் விசிலுக்கு முன்பே இரு அணியும் பேசிக்கொள்ளுங்கள். வலை இல்லை என்று வைத்துக்கொண்டு ஆடுவதே நல்லது. வலை இருக்கிறது என்ற தைரியத்தில் பழகியவர்கள் கோட்டோரம் பந்தை அடக்கக் கற்பதில்லை. அதோடு, வலையோரத்தில் ஆளை ஆள் நெருக்கும்போதுதான் விரலும் தோளும் இரும்புக் குழாயில் அடிபடும்.

இடம், பந்து, ஷூ

மரத்தளம் போட்ட உள்ளரங்கம் எல்லோருக்கும் கிடைக்காது. நம் காரைக்காலில் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டர்ஃப். இரண்டாவது, பள்ளி, கல்லூரிகளில் இருக்கும் சிமெண்டு களம். கூடைப்பந்துக் களம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். ஒரு மீட்டர் அகலம் குறைந்தாலும் நாலுக்கு நாலு ஆடத் தாராளம். ஹேண்ட்பால் களம் இருந்தால் இன்னும் நல்லது. அது 40-க்கு 20 மீட்டர், கோலும் அதே 3-க்கு 2. சர்வதேச ஃபுட்சால் களத்துக்குக் கோடு தவிர வேறு வித்தியாசம் இல்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் முறையாக அனுமதி கேட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைக்கக்கூடும்.

மூன்றாவது கடற்கரை மணல். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு பக்கம் வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்களுக்குக் கணுக்கால் உறுதியும் சமநிலையும் இயல்பாகவே வந்திருக்கும். ஆனால் மணலில் பந்து உருளாது. உடம்பைத் திடப்படுத்த மணலுக்குப் போங்கள். பாஸ் பழகச் சிமெண்டுக்கு வாருங்கள்.

பந்து விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டர்ஃப்களில் பெரும்பாலும் 5-ஆம் எண் பந்தைக் கொடுப்பார்கள். அது துள்ளும். ஃபுட்சால் பந்து 4-ஆம் எண். சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டர்தான் எழும்ப வேண்டும். தலைக்கு மேல் கையை நீட்டிப் பந்தை விடுங்கள். முழங்கால் உயரத்திலோ சற்று மேலோ நின்றால் சரி. இடுப்பு வரை வந்தால் அது இந்த ஆட்டத்துக்கான பந்தல்ல. ஃபுட்சால் பந்து கிடைக்கவில்லை என்றால், சாதாரண 4-ஆம் எண் பந்தில் இந்த அளவுக்கு வரும்வரை காற்றைக் குறைத்துப் பழகலாம். பந்து சீக்கிரம் தேயும்தான். ஆனாலும் துள்ளும் பந்தில் பழகுவதைவிட அது மேல். பத்துப் பேர் பணம் போட்டு ஒரு நல்ல பந்து வாங்கிவிட்டால் எல்லாருடைய ஆட்டமும் ஒரே மாதத்தில் மாறும்.

ஷூவில் காரைக்காலுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிரான்சில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ விடுமுறைக்கு வரும்போது நல்ல ஷூ வாங்கி வருவார்கள். பெட்டியின் மேல் ‘எஃப்ஜி’ என்று இருந்தால் அது இயற்கைப் புல்தரைக்கான நீண்ட குமிழ் வைத்த ஷூ. அதைச் சிமெண்டில் போட்டால் வழுக்கும். செயற்கைப் புல்லில் போட்டால் குமிழ் சிக்கிக்கொள்ளும், பாதம் நிற்க, உடல் மட்டும் திரும்பும், முட்டி முறுக்கிக்கொள்ளும். முட்டியின் தசைநார் அறுந்தால் மாதக்கணக்கில் ஆட்டம் போய்விடும். பிரான்சுக்குச் சொல்லி அனுப்பும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: டர்ஃபுக்கு ‘டிஎஃப்’, சிமெண்டுக்கும் மரத்தளத்துக்கும் ‘ஐசி’ அல்லது ‘ஐஎன்’ எழுத்துள்ள தட்டையான ரப்பர் அடி. இரண்டு தளத்திலும் ஆடுவீர்கள், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தட்டை அடியையே வாங்குங்கள். உள்ளங்காலால் பந்தைப் பிடிக்க அதுதான் வசதி. ஈரமான டர்ஃபில் மட்டும் அது வழுக்கும், கவனம் வேண்டும்.

ஷூவின் அளவைப் பற்றி ஒன்று: பெருவிரலுக்கு முன்னால் அரை விரற்கடைக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வளரும் பையன்களுக்கு ஒரு எண் பெரிதாக வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். இந்த ஷூவுக்கு அது கூடாது.

இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

1. கோல்போஸ்ட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நகர்த்தக்கூடிய கோல்போஸ்ட் தலையில் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் உலகின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. பின்சட்டத்தில் மணல் மூட்டை வையுங்கள் அல்லது கட்டுங்கள். கம்பியில் யாரும் தொங்கக் கூடாது.
2. களத்தை ஒருமுறை குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, கிளிஞ்சல், பெயர்ந்த சிமெண்டு, டர்ஃபில் பிரிந்த இணைப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.
3. மார்கழி, தை மாத இரவுகளில் பனி இறங்கித் தளம் ஈரமாகும். ஷூவால் தேய்த்துப் பார்த்து, வழுக்கினால் துடையுங்கள் அல்லது அன்றைக்கு மணலுக்குப் போங்கள்.
4. மோதிரம், கைக்கயிறு, வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
5. ஷின் கார்டு போடுங்கள். நண்பர்களுக்குள்தானே என்று விடுகிறவர்கள் அதிகம். நெருங்கி ஆடும் ஆட்டத்தில் முன்னங்கால் எலும்பில் விழும் அடியே மிகுதி.

உடலைச் சூடாக்குதல்

வாடகை நேரம் போகிறதே என்று வந்த கையோடு கோலுக்கு அடிக்கத் தொடங்குவது நம்மிடையே பரவலான பழக்கம். தொடைப் பின்தசை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள், வெளியிலேயே சூடாக்குங்கள். அதற்குத் தனி வாடகை இல்லை.

முதல் 3 நிமிடம் மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், பின்னோட்டம். அடுத்த 4 நிமிடம் குந்தி எழுதல், முன்கால் வைத்து மடங்கி எழும் லஞ்ச், ஒற்றைக்காலில் நின்று நண்பரோடு பந்தை எறிந்து பிடித்தல். கடைசி 3 நிமிடம் ஐந்து மீட்டர் ஓடி நின்று திரும்புதல், முதலில் பாதி வேகத்தில், பிறகு முழு வேகத்தில். ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ பயிற்சி சுமார் 20 நிமிடம் எடுக்கும். தொடர்ந்து செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரம் இருக்கும் நாளில் அதை முழுதாகச் செய்யுங்கள்.

முதல் பாடம்: உள்ளங்காலால் நிறுத்துவது

பெரிய மைதானத்தில் பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை அடக்குவோம். அது ஒரு மீட்டர் உருண்டு போனாலும் எட்டிப் பிடித்துவிடலாம். ஃபுட்சாலில் அந்த ஒரு மீட்டரில் எதிராளி நிற்கிறார். அதனால்தான் உள்ளங்கால்.

2016 ஜூலையில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரீமியர் ஃபுட்சால் நடந்தபோது, பிரேசிலின் ஃபல்காவோ சென்னை அணிக்காக ஆடினார். அந்த ஆட்டங்களின் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். அவர் செய்யும் வித்தைகளைப் பார்க்காதீர்கள். பந்து வந்து சேரும் அந்த ஒரு கணத்தில் அவர் பாதம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

1. பந்து வரும் திசைக்கு முழுக்க நேராக நிற்காமல், உடலைப் பாதி திருப்பி நில்லுங்கள். வரும் பந்தும் எதிர் கோலும் ஒருசேரக் கண்ணில் பட வேண்டும்.
2. நிற்கும் காலின் முட்டியை லேசாக மடக்குங்கள். எடை முழுதும் அந்தக் காலில்.
3. வாங்கும் காலின் குதிகாலைத் தாழ்த்தி, விரல்களை மேலே தூக்குங்கள். தரைக்கும் ஷூவுக்கும் நடுவே ஓர் ஆப்பு வடிவ இடைவெளி உண்டாகும்.
4. பந்து தானாக வந்து அந்த இடைவெளியில் சிக்கட்டும். முன்பாதத்தின் அடி பந்தின் மேற்பகுதியைத் தொட வேண்டும். மிதிக்கக் கூடாது.
5. நின்றதும் அதே முன்பாதத்தால் பந்தை நீங்கள் போக நினைக்கும் பக்கம் அரை அடி உருட்டுங்கள். இப்போது பாஸுக்கோ ஷாட்டுக்கோ நீங்கள் தயார்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* எடையைப் பந்தின் மேல் போடுவது. பந்து வழுக்க, கணுக்கால் மடங்கி விழுவார்கள். பந்தின் மேல் இருக்கும் காலை எந்த நேரத்திலும் எடுத்துவிட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எடை தவறான காலில் இருக்கிறது.

*இன்னொன்று:* துள்ளி வரும் பந்துக்கும் உள்ளங்காலை நீட்டுவது. உருண்டு வரும் பந்துக்கு மட்டுமே இது. முட்டி உயரத்தில் வருவதைத் தொடையாலோ பாதத்தின் உட்பக்கத்தாலோ இறக்குங்கள்.

தனியாகப் பழகச் சுவர் ஒன்று போதும். மூன்று மீட்டர் தள்ளி நின்று சுவரில் அடித்து, திரும்பி வருவதை உள்ளங்காலால் நிறுத்துங்கள். வலக்காலில் 20, இடக்காலில் 30. இடக்காலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது வேண்டுமென்றேதான். ஒரு வாரம் கழித்து ஒரு நண்பரை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பந்து சுவரை நோக்கிப் போகும்போது அவர் சில விரல்களைக் காட்டட்டும். நீங்கள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எண்ணைச் சொல்லிவிட்டு, பந்தை நிறுத்த வேண்டும். முதல் நாள் பாதிக்குமேல் தவறும். இந்தப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று பழக்கங்களில் இரண்டை இது ஒன்றாகக் கற்றுத்தருகிறது.

பாஸ்

நிற்கும் காலைப் பந்துக்குப் பக்கத்தில், கொடுக்கும் திசையைப் பார்த்து வையுங்கள். பாதத்தின் உட்பக்கத்தால் பந்தின் நடுவில் அடித்து, காலை அதே திசையில் கொஞ்சம் தொடர விடுங்கள். பந்து தரையோடு, உறுதியாகப் போக வேண்டும். ‘மெதுவாகக் கொடுத்தால் வாங்குவது சுலபம்’ என்பது தவறான இரக்கம். மெதுவான பாஸை எதிராளிதான் வாங்குவார். எதிராளியை விட்டு விலகியிருக்கும் காலுக்குக் கொடுக்கப் பழகுங்கள். உங்கள் ஆள் தன் உடம்பை நடுவில் வைத்துப் பந்தைக் காத்துக்கொள்வார்.

இதைப் பழக, 6 மீட்டர் சதுரம் ஒன்றைச் செருப்பு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஓரத்தில், ஒருவர் நடுவில். ஓரத்தில் இருப்பவர்கள் இரண்டு டச்சுக்குள் பாஸ் செய்ய வேண்டும். நடுவில் இருப்பவர் பிடித்தால் தவறவிட்டவர் நடுவுக்கு வர வேண்டும். சதுரத்தில் நான்கு பக்கம், ஓரத்தில் மூன்று பேர். ஆக, ஒரு பக்கம் எப்போதும் காலியாக இருக்கும். பந்து போகும் திசையைப் பார்த்து அந்தக் காலிப் பக்கத்துக்கு ஓடுவதே இந்தப் பயிற்சியின் உயிர். நின்ற இடத்திலேயே ஆடினால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். ஓடி ஆடினால் ஆட்டத்துக்குத் தேவையான பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும்.

கொடுத்த பிறகு எங்கே போவது

நம் ஊர் ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். பந்து வைத்திருப்பவர் ஒருவர் ஓடுவார், மற்ற மூவரும் கையை உயர்த்தி “பாஸ், பாஸ்” என்று கத்திக்கொண்டு நிற்பார்கள். பாஸ் கிடைத்தவர் ஓடுவார், கொடுத்தவர் நின்றுவிடுவார். ஆட்டம் கெடுவது இங்கேதான்.

2024 ஃபுட்சால் உலகக் கோப்பை உஸ்பெகிஸ்தானில் நடந்தது. பிரான்ஸ் முதல்முறையாகத் தகுதி பெற்று வந்து, அரையிறுதி வரை போய், நான்காம் இடம் பிடித்தது. பிரேசில் கோப்பையை வென்றது. காரைக்காலில் பிரான்ஸ் ஆடும் கால்பந்தைக் கண்விழித்துப் பார்க்கும் வீடுகள் நிறைய. அந்த ஃபுட்சால் ஆட்டங்களையும் பார்க்கலாம். பாஸ் கொடுத்த வீரர் அடுத்த இரண்டு நொடியில் என்ன செய்கிறார் என்று அவரை மட்டும் கண்ணால் தொடருங்கள். ஒருமுறைகூட நின்ற இடத்தில் இருக்க மாட்டார்.

சாய்சதுரமாக நில்லுங்கள்: பின்னால் ஒருவர், இரு ஓரங்களில் இருவர், முன்னால் ஒருவர். பின்னால் நிற்பவரை ஃபிக்ஸோ, ஓரத்தில் நிற்பவர்களை ஆலா, முன்னால் நிற்பவரைப் பிவட் என்பார்கள். இந்தச் சாய்சதுரத்திலிருந்து முதல் மாதத்துக்கு மூன்று நகர்வு போதும்.

1. ஒன்-டூ. நீங்கள் ஆலா. பிவட்டுக்குக் கொடுத்துவிட்டு, உங்களைக் காப்பவரின் முதுகுப் பக்கமாக ஓடுங்கள். பிவட் ஒரே டச்சில் பந்தை உங்கள் முன்னால் தள்ளிவிட வேண்டும். ஓட்டம் பாஸோடு சேர்ந்தே தொடங்க வேண்டும். கொடுத்து, பார்த்து, பிறகு ஓடினால் கதவு மூடியிருக்கும்.
2. நடுவை வெட்டி ஓடுதல். ஃபிக்ஸோவுக்குத் திருப்பிக் கொடுத்ததும், குறுக்காக நடுவை வெட்டி எதிர்ப்பக்க ஓரத்துக்குப் போங்கள். பந்து உங்களுக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. உங்களைக் காப்பவர் உங்களோடு வருவார். நீங்கள் விட்டுப் போன இடத்தில் உங்கள் நண்பர் வந்து வாங்குவார்.
3. தூரக் கம்பம். மறு ஓரத்திலிருந்து யாராவது ஷாட் அடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், கோலின் தூரக் கம்பத்துக்கு ஓடுங்கள். தடுத்துத் திரும்பும் பந்தும், குறுக்கே விலகிப் போகும் பந்தும் அங்கேதான் வரும். ஃபுட்சாலில் மிகச் சுலபமான கோல்கள் இந்த இடத்தில் விழுகின்றன. சாதாரண ஆட்டங்களில் அந்த இடம் எப்போதும் காலியாகக் கிடக்கிறது.

முதலில் எதிராளி இல்லாமல் நடந்தபடியே செய்யுங்கள். அடுத்து மெல்லோட்டம். அதன்பிறகே எதிராளியோடு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஷாட்டைப் பற்றிச் சுருக்கமாக: இடம் குறைவான ஆட்டம் என்பதால் காலை ஓங்க நேரம் இருக்காது. விரல்நுனியால் குத்தி அடிக்கும் ‘டோ’ இங்கே கேவலமல்ல, நல்ல ஆயுதம். ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால், கீப்பர் அசைவதற்கு முன் தாழ்வாகக் கம்பத்தோரம் குத்துங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

தடுக்கும்போது

பாய்ந்து பறிக்கப் போகாதீர்கள். ஒரு கை தூரத்தில், பக்கவாட்டாக, முட்டி மடக்கி நில்லுங்கள். எதிராளிக்கும் உங்கள் கோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு, அவரை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். பறிக்க வேண்டிய நேரம் இரண்டு: அவர் பந்தை அடக்கத் தடுமாறும்போது, அவர் கோலுக்கு முதுகு காட்டும்போது.

இருவர் குறுக்காக ஓடிக் குழப்பினால், “மாத்து” என்று உரக்கச் சொல்லி ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். யார் யாரைக் காக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லும் அணி, நன்றாக ஓடும் ஆனால் பேசாத அணியை வெல்லும்.

சறுக்கிப் பறிப்பதை நண்பர்களுக்குள் ஆடும் ஆட்டத்தில் முழுவதுமாகத் தடை செய்துவிடுங்கள். சிமெண்டில் தொடை உரியும், டர்ஃபில் தோல் கருகும், எதிராளியின் கணுக்கால் போகும். திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

கீப்பர்

‘ஆடத் தெரியாதவனைக் கோலில் போடு’ என்பது ஃபுட்சாலில் ஆகாது. கீப்பர்தான் தாக்குதலைத் தொடங்குகிறவர். எல்லாரும் பத்து நிமிடம் மாறி மாறி நில்லுங்கள். அங்கிருந்து பார்க்கும்போதுதான் எந்த ஓட்டம் ஆபத்தானது என்று புரியும். நெருங்கி வரும் ஆளை நோக்கி இரண்டடி முன்னால் வந்து, ஒரு முட்டியைத் தரைக்குத் தாழ்த்தி, கைகளை விரித்து உடம்பைப் பெரிதாக்குங்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம், கண் பந்தின் மேல் இருக்கட்டும். பந்தைத் தூக்கி எறியாமல், தரையோடு உருட்டி ஆலாவின் காலுக்கு அனுப்புங்கள். முட்டிக்கவசம் கட்டாயம்.

புழுக்கம், மழை, இடி

காரைக்காலில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வீழ்த்தும். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், உடல் குளிராது. இரவு எட்டு மணி ஆட்டத்திலும் இது நடக்கும். கத்திரி வெயில் நாட்களில் காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள், அல்லது இருட்டிய பிறகு தொடங்குங்கள்.

- ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர். சிறுநீர் மஞ்சளாகப் போனால் இன்னும் கொஞ்சம்.
- பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி, வெளியே வருபவர் இரண்டு மூன்று மடக்குக் குடிக்க வேண்டும்.
- ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் ஓஆர்எஸ். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இனிப்பாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. உப்பிட்ட நீர்மோர் ஆட்டம் முடிந்த பிறகு.
- ரமலானில் நோன்பு வைக்கும் நண்பர்கள் அணியில் இருந்தால், ஆட்டத்தைத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு வையுங்கள். நோன்பு திறந்து தண்ணீர் குடிக்க நேரம் கிடைத்திருக்கும்.
- மதுக்கடை பக்கத்திலேயே இருக்கும் ஊர் நம்முடையது. ஆடும் நாளில், ஆட்டத்துக்கு முன்பும் ஆட்டம் முடிந்த சூட்டிலும், குடி வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது இரட்டிப்புக் கேடு.

ஆடும் ஒருவர் உளறினால், தள்ளாடினால், வாந்தி எடுத்தால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி கேட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி. விளக்குக் கம்பத்துக்கும் இரும்பு வலைக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மின்னல் எச்சரிக்கைக்குப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். தேங்கிய நீரில் விளக்கு வயர் கிடந்தால் யாரும் இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் சிராய்ப்போடு சேற்றுநீரில் ஆடினால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. காயம் ஆறும் வரை சும்மா இருங்கள்.

அடிபட்டால்

கணுக்கால் பிசகுவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். அதற்குப் பிறகு நாம் செய்வதுதான் பல நேரம் அதைப் பெரிதாக்குகிறது.

1. ஆட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். ‘நடந்தா சரியாயிடும்’ வேண்டாம்.
2. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். தோலில் நேராக வைக்காதீர்கள்.
3. கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். விரல் மரத்துப்போனால் தளர்த்துங்கள்.
4. காலை இதயத்துக்கு மேல் உயர்த்திப் படுங்கள்.
5. முதல் மூன்று நாள் தைலம் தேய்ப்பது, உருவி விடுவது, வெந்நீர் ஒத்தடம் எதுவும் கூடாது. உள்ளே கசியும் ரத்தத்தை அவை கூட்டும்.

நான்கடி எடுத்து வைக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பின் பின்புறம் அழுத்தினால் உயிர்போகும் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காமராசர் சாலையில் அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. முட்டியில் ‘டப்’ என்ற சத்தத்தோடு வீங்கினாலும் அதே. தலையில் அடிபட்டு ஒரு நொடி மயங்கினாலும், தலைசுற்றினாலும், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. அவர் எவ்வளவு சொன்னாலும் இறக்காதீர்கள், வண்டி ஓட்டவும் விடாதீர்கள். நெஞ்சுவலி, இடதுகை வலி, மூச்சுத் திணறல் என்றால் 108. நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது அவசியம்.

எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் ஆட்டமே வேண்டாம். சுவர், சதுரம், மெல்லோட்டம் மட்டும். மூன்றாம், நான்காம் வாரம் பாதி நேரம் பயிற்சி, பாதி நேரம் மூன்றுக்கு மூன்று ஆட்டம், இரண்டு டச் கட்டுப்பாட்டோடு. ஐந்தாம் வாரத்திலிருந்து முழு ஆட்டம். ஆனால் முதல் 15 நிமிடம் சதுரம் விடாமல். ஏழாம், எட்டாம் வாரம் 4 நொடிக் கணக்கை ஒருவர் உரக்க எண்ணட்டும். நாகூரிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ ஓர் அணியைக் கூப்பிட்டு ஆட இதுவே சரியான நேரம். பழகிய நண்பர்களின் அசைவு நமக்கு மனப்பாடம். புது ஆட்களோடு ஆடினால்தான் எது உண்மையில் பழகியிருக்கிறது என்று தெரியும்.

இரண்டு ஆட்டத்துக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

1. உடனே உட்காராமல் ஐந்து நிமிடம் நடங்கள்.
2. கெண்டைக்கால், தொடையின் முன்னும் பின்னும், இடுப்பு மடிப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக 30 நொடி நீட்டிப் பிடியுங்கள்.
3. டர்ஃபில் உரிந்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கருப்பு ரப்பர் துகள் உள்ளே இருந்தால் சீழ் பிடிக்கும்.
4. ஈர சாக்ஸோடு வீடு வரை வண்டி ஓட்டாதீர்கள். விரலிடுக்குப் புண் இப்படித்தான் தொடங்குகிறது.
5. ஷூவின் உள்தட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விடும். கடற்காற்று அதை இன்னும் வேகமாக்கும். அடி விடத் தொடங்கியிருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு முன்பே தைத்து வாங்கிவிடுங்கள்.